கொடுக்க ஒன்றுமில்லாத குளிர்

கண்ணாடிக் குழாய் ஒன்றில் பாதரசத்தை அடைத்து, உருகும் பனிக்கட்டியில் நிறுத்தி 0 என்று கோடு போடுகிறோம். கொதிநீரின் ஆவியில் நிறுத்தி 100 என்று இன்னொரு கோடு. நடுவிலுள்ள தூரத்தை நூறு சம பாகங்களாகப் பிரித்தால் வெப்பமானி தயார். இதே வேலையை ஆல்கஹாலை வைத்தும் செய்து, இரண்டு வெப்பமானிகளையும் வெதுவெதுப்பான நீருள்ள ஒரே பாத்திரத்தில் போடுவோம். பாதரசம் 50 காட்டும்போது ஆல்கஹால் அதைவிட ஆறேழு டிகிரி குறைவாகக் காட்டும். இரண்டில் எது சரி?

பாதரசம்தான் என்று சொல்லத் தோன்றும். அது சீராக விரிவடைகிறதே! ஆனால் சீராக விரிவடைகிறது என்பது எப்படித் தெரிந்தது? வெப்பநிலை ஏற ஏற அதன் உயரத்தைப் பார்த்துத் தெரிந்தது. அந்த வெப்பநிலையை எதைக் கொண்டு அளந்தார்கள்? இன்னொரு வெப்பமானியைக் கொண்டு. அது சரியென்று யார் சொன்னது? கேள்வி சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது. குழாயில் தண்ணீரை அடைத்தால் நிலைமை இன்னும் மோசம். 0 முதல் 4 டிகிரி வரை தண்ணீர் விரிவதற்குப் பதிலாகச் சுருங்கும். சூடேற்றச் சூடேற்ற அந்த வெப்பமானி இறங்கிக்கொண்டிருக்கும்.

1840களில் பாரிஸில் விக்தோர் ரெனோ இந்தக் குழப்பத்தோடு பல ஆண்டுகள் பொறுமையாக மல்லுக்கட்டினார். கண்ணாடியின் வகை மாறினாலே பாதரச வெப்பமானிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதை அவருடைய அளவீடுகள் காட்டின. காற்றை அடைத்த வெப்பமானிகள்தான் ஓரளவு ஒத்துப்போயின. 1845இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் வேலை கற்க வந்த இளைஞர் வில்லியம் தாம்சன். பிற்காலத்தில் கெல்வின் பிரபு ஆனவர். எந்தப் பொருளையும் சாராத வெப்பநிலை என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை அவர் தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

காற்று ஏற்கெனவே ஒரு துப்புக் கொடுத்திருந்தது. 1700களின் தொடக்கத்தில், சிறுவயதிலேயே செவித்திறனை இழந்த கருவிக் கலைஞர் கியோம் அமோந்தோன், மூடிய கலத்திலுள்ள காற்றின் அழுத்தம் குளிரக் குளிரச் சீராகக் குறைவதைக் கண்டார். சீராகக் குறைவது எங்கோ ஓரிடத்தில் பூஜ்யமாகத்தான் வேண்டும். அவருடைய எண்களை வைத்துக் கணக்கிட்டால் அந்த இடம் சுமார் −240 டிகிரி செல்சியஸில் விழுகிறது. 1779இல் வெளிவந்த லாம்பெர்ட் என்பவரின் நூல் அதை −270க்குக் கொண்டுவந்தது. இன்று நாம் ஏற்றிருக்கும் எண் −273.15.

இவர்களில் யாரும் அந்த இடத்தின் பக்கத்தில்கூடப் போனதில்லை. தாளில் ஒரு நேர்கோட்டை நீட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். உண்மையான காற்று அந்தக் கோட்டின் முடிவுவரை வராது. −190ஐ ஒட்டியே திரவமாகிவிடும். எந்த வாயுவுமே அந்த எல்லைவரை வாயுவாக இருந்து தாக்குப்பிடிக்காது. ஆகவே தனிச்சுழி வெப்பநிலை எனப்படும் அந்த எல்லையை வாயுவின் அழுத்தமோ கன அளவோ பூஜ்யமாகும் இடம் என்று விளக்குவது வழிகாட்டும் குறிப்பாக இருக்கலாமே தவிர, அதன் பொருளாக இருக்க முடியாது.

பொருளைக் கண்டெடுக்கத் தாம்சனுக்கு உதவியது நீராவி எந்திரம். சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824இல் எழுதிய சிறு நூலில் ஒரு முக்கியமான முடிவு இருந்தது: வெப்பத்தைச் சூடான இடத்தில் வாங்கிக் குளிர்ந்த இடத்தில் விடும் எந்திரம் அதிகபட்சம் எவ்வளவு வேலை தரும் என்பது அந்த இரண்டு இடங்களின் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. உள்ளே நீராவி இருந்தாலும் காற்று இருந்தாலும் வேறு எது இருந்தாலும் கவலையில்லை. அப்படியானால், அந்த எந்திரத்தையே வெப்பமானியாக வைத்துக்கொள்ளலாமே என்று தாம்சன் கேட்டார். 1848இல் இதைக் கேட்ட கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு வயது 24. இன்றைய வடிவில் சொன்னால், குறையற்ற எந்திரம் ஒன்று வாங்கும் வெப்பத்துக்கும் வெளியே விடும் வெப்பத்துக்கும் உள்ள விகிதமே இரண்டு வெப்பநிலைகளின் விகிதம். பாதரசமும் கண்ணாடியும் கணக்கிலிருந்து விலகிவிட்டன. தனிச்சுழி என்பது எந்திரம் வாங்கிய வெப்பம் முழுவதையும் வேலையாக்கி, மிச்சம் எதையும் விடத் தேவையில்லாத குளிர்.

இந்த அளவுகோலில்தான் வெப்பநிலைகளை வகுத்துப் பார்க்கவே அர்த்தம் உண்டு. 40 டிகிரி வெயில் 20 டிகிரியைவிட இரண்டு மடங்கு சூடு அல்ல. 313 கெல்வினை 293 கெல்வினால் வகுத்தால் ஏழு சதவீதம்கூட அதிகம் வராது. நம்மை வாட்டி எடுக்கும் கோடைக்கும் இதமான மார்கழிக் காலைக்கும் இடையே இயற்கையின் கணக்கில் இருப்பது இவ்வளவே.

கொள்கையளவில் பொருள்கள் விலகினாலும் நடைமுறையில் தண்ணீர் நெடுங்காலம் விலகவில்லை. பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்து நிலைத்திருக்கும் மும்மைப் புள்ளியை 273.16 கெல்வின் என்று 1954இல் உலக நாடுகள் ஏற்றன. அதன்படி உலகமெங்கும் அளவியல் நிலையங்களில் தூய நீரடைத்த கண்ணாடிக் கலங்கள் இருந்தன. ஆனால் எந்தத் தண்ணீர்? நீரிலுள்ள ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் இடத்துக்கு இடம் சற்று மாறும். மும்மைப் புள்ளியும் மிக நுண்ணிய அளவில் நகரும். கடல்நீரின் சராசரிக் கலவையை ஒத்த நீர் என்று 2005இல் விளக்கம் சேர்க்க வேண்டி வந்தது. வெப்பநிலை என்ற அடிப்படைக் கருத்து ஒரு வாளித் தண்ணீரின் பிறந்த ஊரைப் பொறுத்திருந்தது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது.

2019 மே 20 அன்று அது முடிவுக்கு வந்தது. அன்றிலிருந்து கெல்வின் என்பது ஓர் எண்ணால் வரையறுக்கப்படுகிறது. போல்ட்ஸ்மன் மாறிலி என்ற அந்த எண்ணின் மதிப்பு 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின், இனி மாறாது. அதற்கு முன்பு பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் அந்த எண்ணை வெவ்வேறு வழிகளில் அளந்து ஒப்பிட்டன. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் செப்புக் கலம் ஒன்றில் ஆர்கான் வாயுவை நிரப்பி, அதில் ஒலி செல்லும் வேகத்தை அளந்தார்கள். ஒலியின் வேகம் அணுக்களின் வேகத்தைக் காட்டும், அணுக்களின் வேகம் மாறிலியைக் காட்டும். வேறு சிலர் மின்தடைக்குள் எலக்ட்ரான்கள் எழுப்பும் இரைச்சலை அளந்தார்கள். எல்லா முடிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது எஞ்சிய ஐயம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த மாறிலி எதைச் சொல்கிறது? வெப்பநிலையின் உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மூன்றே அணுக்கள் கொண்ட ஒரு துகளை எடுத்துக்கொள்வோம். ஆற்றலை அவை முழு அலகுகளாக மட்டுமே வைத்துக்கொள்ள முடியும். துகளிடம் ஓர் அலகு இருந்தால், அது மூன்று அணுக்களில் எதனிடமும் இருக்கலாம். மூன்று வழிகள். இரண்டு அலகுகள் இருந்தால் ஆறு வழிகள்: இரண்டும் ஒரே அணுவிடம் இருக்கும் மூன்று, இரு அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் மூன்று. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் 10 அலகுகளுக்கு 66 வழிகள், 11 அலகுகளுக்கு 78 வழிகள்.

இப்போது 1 அலகு உள்ள துகளையும் 11 அலகு உள்ள துகளையும் ஒட்டவைப்போம். இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடிய வழிகள் 3 × 78, அதாவது 234. ஓர் அலகு பணக்காரத் துகளிடமிருந்து ஏழைத் துகளுக்கு மாறினால் வழிகள் 6 × 66, அதாவது 396. ஆறுக்கு ஆறு என்று சமமாகிவிட்டால் 28 × 28, அதாவது 784. ஆற்றலுக்கு எந்தப் பக்கமும் விருப்பம் இல்லை. எல்லா வழிகளும் சம வாய்ப்புள்ளவை. ஆனால் சமநிலையை ஒட்டிய வழிகளே மிகுதி என்பதால் ஆற்றல் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது. மூன்று அணுக்களுக்குப் பதில் ஒரு கரண்டித் தண்ணீரிலுள்ள அணுக்களை வைத்துக் கணக்கிட்டால் இந்த எண்கள் எழுத முடியாத அளவு பெருகும். வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்குப் பாய்வதும் திரும்பிப் பாயாததும் இந்த எண்ணிக்கையின் வேலைதான். வழிகளின் எண்ணிக்கையை மடக்கையாக எழுதினால் கிடைப்பது என்ட்ரோபி.

இந்த எண்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் அலகு கூடுதலாகக் கிடைத்தபோது குளிர்ந்த துகளின் வழிகள் இரண்டு மடங்காயின. அந்த அலகை இழந்த சூடான துகளுக்கோ 78 வழிகள் 66ஆக மட்டுமே குறைந்தன. வெப்பநிலை என்பது இதுதான்: வழிகளின் எண்ணிக்கையைக் குறிப்பிட்ட மடங்கு பெருக்க எவ்வளவு ஆற்றல் தேவை? கொஞ்சம் போதுமென்றால் பொருள் குளிர்ந்தது, நிறைய வேண்டுமென்றால் சூடானது. 300 கெல்வினில் உள்ள ஒரு பெரிய பொருளின் வழிகளைச் சுமார் 2.718 மடங்காக்க 4.14 × 10⁻²¹ ஜூல் வேண்டும். அது இரும்பா, நீரா, நம் உள்ளங்கையா என்பது பொருட்டல்ல. 3 கெல்வினில் அதே பெருக்கத்துக்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். 300ஐப் போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்கிப் பாருங்கள், அந்த 4.14 வந்து நிற்கும்.

ஆற்றலே இல்லாத துகளுக்கு எத்தனை வழிகள்? ஒன்றே ஒன்று. எல்லா அணுக்களும் அடிப்படை நிலையில் இருப்பதைத் தவிர வேறு வாய்ப்பில்லை. அதுதான் தனிச்சுழி. குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, அந்த நிலையைப் பற்றி நாம் அசைவு நின்றுபோயிற்று என்று எங்கும் சொல்லவில்லை. அந்தப் பொருளிடமிருந்து யாரும் இனி எதையும் எடுக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறோம்.

தனிச்சுழியில் மூலக்கூறுகளின் இயக்கம் முற்றிலும் நின்றுவிடும் என்ற வாக்கியத்தை எத்தனையோ புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வருகின்றன. அது தவறு. சிறிய தவறும் அல்ல. குவாண்டம் உலகின் வாசலைச் சாத்திவிடும் தவறு. சாட்சியாக ஹீலியம் இருக்கிறது. 1908 ஜூலை 10 அன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் அதை முதன்முறையாகத் திரவமாக்கினார், 4.2 கெல்வினில். மோனசைட் மணலைச் சூடாக்கிப் பிரித்தெடுத்த ஹீலியம் அது. (நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைப்பதும் இதே கனிமம்தான். அதிலுள்ள தோரியம் சிதையும்போது பிறக்கும் ஹீலியம் கனிமத்துக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்.) அடுத்து அதை உறையவைக்க அவர் எவ்வளவோ முயன்றார். ஒரு கெல்வினை ஒட்டிய குளிருக்குக் கொண்டுபோயும் அது உறையவில்லை. அவர் 1926 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டில் அவருடைய உதவியாளராக இருந்த கேசோம் கடும் அழுத்தம் கொடுத்துத்தான் அதைத் திடப்பொருளாக்க முடிந்தது. ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் இல்லாவிட்டால் ஹீலியம் தனிச்சுழிவரை போனாலும் திரவமாகவே இருக்கும். அணுக்களை ஓரிடத்தில் இறுக்கிப் பிடித்தால் அவற்றின் உந்தம் நிச்சயமற்றதாகிவிடும் என்பது குவாண்டம் விதி. இலேசான ஹீலியம் அணுக்களிடம் எஞ்சியிருக்கும் இந்தப் பூஜ்ய நிலை ஆற்றல், அவற்றைப் பிணைக்கும் மெல்லிய ஈர்ப்பை வென்றுவிடுகிறது. அசைவு இருக்கிறது, அதைப் பிறருக்குக் கொடுக்கத்தான் முடியாது.

இன்னும் பெரிய சாட்சி வானத்தில் இருக்கிறது. சிரியஸின் துணையான வெண்குறுமீனில் ஒரு கன சென்டிமீட்டர் பொருள் டன் கணக்கில் எடையுள்ளது. எரிபொருள் தீர்ந்த அந்த விண்மீன் தன் எடையிலேயே நொறுங்காமல் எப்படி நிற்கிறது, ஆற்றலையெல்லாம் இழந்தபின் எப்படிக் குளிர்ந்து அடங்கும் என்பது 1920களில் பெரும் புதிராக இருந்தது. 1926இல் கேம்பிரிட்ஜின் ரால்ஃப் ஃபௌலர் விடை சொன்னார். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பதால், நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மேலும் மேலும் உயர்ந்த ஆற்றல் நிலைகளை நிரப்பியாக வேண்டும். அவை ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் அழுத்தமே விண்மீனைத் தாங்குகிறது. ஆனாலும் அது வெப்பம் அல்ல. கீழே இறங்கக் காலி இடம் இல்லாததால் அந்த ஆற்றலை எந்த எலக்ட்ரானாலும் வெளியே விட முடியாது. விண்மீன் முற்றிலும் ஆறித் தனிச்சுழியைத் தொட்டாலும் எலக்ட்ரான்கள் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே கோடிக் கெல்வின் அளவில் வெப்பநிலை இருக்கும்போதுகூட இயற்பியலாளர்கள் அந்த எலக்ட்ரான்களைத் தனிச்சுழியில் இருப்பவையாகவே வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அவற்றின் அளவுகோலில் கோடிக் கெல்வின் என்பது கடும் குளிர்.

ஃபௌலரின் அந்தக் கட்டுரையைச் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் படித்தார். 1928இல் சென்னைக்கு வந்த அர்னால்ட் சோமர்ஃபெல்டைச் சந்தித்து எலக்ட்ரான்களின் இந்தப் புதிய புள்ளியியலைக் கேட்டறிந்தவர் அவர், சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் ஃபௌலரிடம் ஆய்வு செய்யக் கப்பலேறியவர், போகும் வழியிலேயே அந்தக் கணக்கில் சார்பியலைச் சேர்த்தார். வெண்குறுமீன் தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் உச்ச வரம்பு இருப்பது அப்போது தெரியவந்தது. சந்திரசேகர் வரம்பு என்று உலகம் போற்றும் அந்த முடிவு, தனிச்சுழியிலும் ஓயாத அசைவைப் பற்றிய கணக்கு. ஃபௌலருக்கு நம் நாட்டோடு இன்னொரு தொடர்பும் உண்டு. ஒரு பொருளோடு தனித்தனியே வெப்பச் சமநிலையில் உள்ள இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும் என்பதால்தான் வெப்பமானி என்ற ஒன்று சாத்தியமாகிறது. இதற்கு வெப்ப இயக்கவியலின் சுழி விதி என்ற பெயரை, மேகநாத் சாஹாவும் ஸ்ரீவஸ்தவாவும் எழுதிய வெப்பவியல் நூலைப் பற்றிப் பேசும்போது ஃபௌலர் சூட்டியதாகச் சோமர்ஃபெல்ட் எழுதியிருக்கிறார்.

தனிச்சுழியை எட்ட முடியுமா? முடியாது என்று 1912இல் வால்தர் நெர்ன்ஸ்ட் வாதிட்டார். குளிர்விக்கும் ஒவ்வொரு படியும் பொருளின் வழிகளைக் குறைப்பதுதான். சுழியை நெருங்க நெருங்கக் குறைப்பதற்கு எஞ்சியிருக்கும் வழிகளே அருகிப்போவதால், ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சிறியதாகிறது. எண்ணற்ற படிகள் வேண்டும்.

இந்த இடத்தில் தாம்சனின் 1848ஆம் ஆண்டுக் கட்டுரைக்குத் திரும்பத் தோன்றுகிறது. அன்று அவர் முன்வைத்த முதல் அளவுகோல் இன்று நாம் பயன்படுத்துவது அல்ல. அதில் காற்று வெப்பமானியின் −273 டிகிரி, முடிவிலிக் குளிராக இருந்தது. எவ்வளவு கீழே போனாலும் இன்னும் கீழே போக எண்கள் மிச்சமிருக்கும். 1854க்குள் இயற்பியலாளர் ஜூலின் சோதனைகளை ஒட்டி அவர் அளவுகோலை மாற்றிக்கொண்டார், இன்றைய கெல்வின் பிறந்தது. கணக்குப் போட இன்றைய அளவுகோலே எளிது. ஆனால் குளிர் பற்றிய உண்மையை முதல் அளவுகோல்தான் நேர்மையாகச் சொன்னது என்பது என் எண்ணம். அதன்படி 300 கெல்வினிலிருந்து 3 கெல்வினுக்கு இறங்குவதும் 3லிருந்து 0.03க்கு இறங்குவதும் சம தூரம். தாழ்வெப்ப ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு என்றுதான் முன்னேற்றத்தை எண்ணுகிறார்கள். வெறும் மூன்று டிகிரிதானே மிச்சம் என்று அங்கே யாரும் பேசுவதில்லை.

விண்வெளியெங்கும் நிறைந்திருக்கும் பெருவெடிப்பின் எச்சக் கதிர்வீச்சு 2.725 கெல்வின். மனிதர்கள் அதைத் தாண்டி நெடுந்தொலைவு போய்விட்டார்கள். 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னலும் கார்ல் வைமனும் ருபீடியம் அணுக்களை 0.00000017 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் அணுக்கள் ஒரே அலையாக ஒன்றின. போஸும் ஐன்ஸ்டைனும் 1920களில் கணித்த பொருள்நிலை அது. 2021இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில், கருவிகளை உயரத்திலிருந்து விழவிட்டு எடையின்மையைப் பெறும் கோபுரத்தில், ஒரு கெல்வினின் லட்சம் கோடியில் 38 பங்கை எட்டினார்கள். அறை வெப்பநிலையிலிருந்து பத்துப் பத்தாக வகுத்துக்கொண்டே போனால் இது ஏறத்தாழ பதின்மூன்று படிகள் கீழே.

வழிகளை எண்ணுவதே வெப்பநிலை என்று ஏற்றால், விசித்திரமான ஒன்றையும் ஏற்க வேண்டும். சில அமைப்புகளில் ஆற்றலுக்கு உச்சவரம்பு உண்டு. காந்தப்புலத்தில் இருக்கும் அணுக்கருக்கள் புலத்தோடு ஒத்தோ எதிர்த்தோ இரண்டே நிலைகளில் நிற்கின்றன என்று கொள்வோம். எல்லாம் கீழ்நிலையில் இருந்தால் ஒரு வழி. பாதிக்குப் பாதி என்றால் வழிகள் உச்சம். அதற்குமேல் ஆற்றல் கொடுத்தால் வழிகள் குறையத் தொடங்கும். எல்லாம் மேல்நிலைக்குப் போய்விட்டால் மறுபடி ஒரே வழி. ஆற்றல் கூடும்போது வழிகள் குறைந்தால், வரையறைப்படி வெப்பநிலை எதிர்மமாகிறது.

எதிர்மம் என்றவுடன் தனிச்சுழியைவிடக் குளிர் என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறு. அப்படிப்பட்ட அமைப்பு ஆற்றலை இழந்தாலே அதன் வழிகள் பெருகும். ஆகவே தொட்ட எந்தப் பொருளுக்கும் அது ஆற்றலைக் கொடுக்கும், அந்தப் பொருள் எவ்வளவு சூடாக இருந்தாலும். 1951இல் எட்வர்ட் பர்செல், ராபர்ட் பவுண்ட் இருவரும் லித்தியம் ஃபுளோரைடு படிகத்தில் காந்தப்புலத்தைச் சட்டெனத் திருப்பி, அணுக்கருக்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள். படிகத்தின் மற்ற பகுதி அறை வெப்பநிலையில்தான் இருந்தது. அணுக்கருக்கள் சில நிமிடங்களில் தம் ஆற்றலை அதற்குக் கொடுத்து ஆறின. அந்த நேரத்தில் அவற்றின் வெப்பநிலை சுழியைக் கடக்கவே இல்லை. எதிர்மத்திலிருந்து எதிர்ம முடிவிலிக்குப் போய், அதற்கு அடுத்த புள்ளியான நேர்ம முடிவிலியில் நுழைந்து, அங்கிருந்து சுமார் 300 கெல்வினுக்கு இறங்கி வந்தன.